காலி மணல் என்று வரைந்த இடம்



பழைய வரைபடங்களைக் கையில் வைத்துக்கொண்டு சென்னைக் கரையோர மக்களின் கடந்த காலத்தைத் தேடிப் போவது பற்றி இந்த அறக்கட்டளைச் சொற்பொழிவில் பேசுகிறேன். சென்னை வரலாறு என்றால் நம் பாடநூல்கள் 1639-ஆம் ஆண்டில் தொடங்கும். நாயக்கரிடம் பெற்ற மானியம், மறு ஆண்டு எழுந்த புனித ஜார்ஜ் கோட்டை, கறுப்பர் நகரம், பிரெஞ்சுக்காரர் முற்றுகை, துறைமுகம், மெரினா என்று வரிசையாகப் போகும். கடலோரத்தில் அதற்கு முன்பே வாழ்ந்த பட்டினவர்களைப் பற்றி முதல் பத்தியில் ஒரு வரி இருக்கும். 'ஒரு சிறு மீனவக் குப்பமாக இருந்த சென்னை' என்பார்கள். அதன்பின் அந்த மக்கள் கதையை விட்டே போய்விடுவார்கள். ஆனால் அவர்கள் எங்கும் போகவில்லை. எண்ணூரிலிருந்து ஊரூர்க் குப்பம் வரை இன்றும் கரையில்தான் இருக்கிறார்கள். அவர்களுடைய எழுத்தாவணங்கள் குறைவு. பட்டா, செப்பேடு, கல்வெட்டு என்று நிலத்து வரலாற்றுக்குக் கிடைக்கும் சான்றுகள் மணலில் வாழ்ந்தவர்களுக்கு அவ்வளவாகக் கிடைப்பதில்லை. அந்த இடைவெளியை ஓரளவு நிரப்பக்கூடியவை வரைபடங்கள். அவற்றை நாம் இன்னும் சரியாக வாசிக்கவில்லை என்பது என் கருத்து.

முதலில் ஒரு வரைபடத்தைப் பார்ப்போம். தாமஸ் பிட் 1698 முதல் 1709 வரை இங்கே ஆளுநராக இருந்தார். அவர் உத்தரவில் அளந்து வரைந்த நகரப் படம் ஏறத்தாழ 1710-ஐச் சேர்ந்தது. சென்னை வரலாறு எழுதியவர்கள் எல்லாரும் பயன்படுத்திய படம் இது. 1861-இல் டால்பாய்ஸ் வீலரும், 1913-இல் ஹென்றி டேவிசன் லவ்வும் தங்கள் நூல்களில் இதைப் பேசுகிறார்கள். வெள்ளையர் நகரம், அதற்கு வடக்கே கறுப்பர் நகரம், முத்தியால்பேட்டை, பெத்துநாயக்கன்பேட்டை எல்லாம் தெருத்தெருவாக அதில் உண்டு. கோட்டைக்குத் தெற்கே, கூவம் கடலைத் தொடும் பக்கமாக, 'மக்வா டவுன்' என்று ஓர் எழுத்து. முக்குவர் என்று கிழக்கிந்தியக் கும்பினியார் அழைத்த படகுக்காரர்களும் மீனவர்களும் குடியிருந்த இடம் அது. கோட்டைக்கு அத்தனை அருகில், கடலுக்கும் ஆற்றுக்கும் நடுவில், ஒரு முழு ஊர் இருந்திருக்கிறது. பின்னாளில் கோட்டை விரிந்தது. பீரங்கி வீச்சுக்குத் தடையில்லாமல் சுற்றிலும் வெட்டவெளி வேண்டும் என்றார்கள். படகுக்காரர்கள் இடம் மாறினார்கள். 18-ஆம் நூற்றாண்டின் இறுதியில் அவர்களில் ஒரு பகுதியினர் வடக்கே ராயபுரத்தில் குடியமர்ந்திருந்தார்கள். ஒரே கரையின் படங்களைக் காலவரிசையில் அடுக்கினால் ஓர் ஊர் நகர்த்தப்பட்ட கதை தெரிகிறது. எந்த ஒரு படமும் தனியாக அதைச் சொல்வதில்லை.

அந்தக் கும்பினி இவர்களை நம்பித்தான் பிழைத்தது என்பதையும் இங்கே சொல்லியாக வேண்டும். சென்னைக்கு இயற்கைத் துறைமுகம் கிடையாது. கப்பல்கள் கரையிலிருந்து ஒரு மைலுக்கும் அப்பால் நங்கூரம் போட்டு நிற்கும். இடையே மோதும் அலை வரிசைகளைத் தாண்டிச் சரக்கையும் ஆளையும் கொண்டுவர இங்கிலாந்துப் படகுகளால் முடியவில்லை. ஆணி அடிக்காமல் தென்னங்கயிற்றால் பலகைகளைத் தைத்த மசூலாப் படகுதான் அந்த அலையில் வளைந்து கொடுத்துக் கரை சேரும். கப்பலுக்குக் கடிதம் கொண்டு போனது கட்டுமரம். ஆளுநர் வந்திறங்கியதும் துணி மூட்டை ஏறியதும் வெள்ளிக்காசுப் பெட்டி இறங்கியதும் இந்தப் படகோட்டிகளின் கைவழியாகத்தான். ஏறத்தாழ இருநூற்றைம்பது ஆண்டுகள் இப்படி நடந்தது. பழைய படங்களில் கப்பல்கள் பாய் விரித்து அழகாக நிற்கும். கரைக்கும் கப்பலுக்கும் நடுவில் சிறு கோடுகளாகப் படகுகளும் இருக்கும். படகை வரைந்தவர்கள் அது கரையேறும் இடத்தை மட்டும் வெள்ளையாக விட்டுவிட்டார்கள்.

அந்த வெள்ளை இடத்தை எனக்கு விளக்கியவர் காசிமேட்டுப் பக்கத்தில் உள்ள ஒரு பெரியவர். ராவன்ஷா 1822-இல் தயாரித்த சென்னை நகரப் படத்தின் பெரிய நகலை அவர் வீட்டுத் திண்ணையில் விரித்தேன். வடக்கு மேலே இருக்கும்படி வைத்தேன். அவர் அதைக் கையால் திருப்பி, கடல் தனக்கு எதிரே வரும்படி வைத்துக்கொண்டார். பிறகு விரலால் தெற்கே தடவிக்கொண்டே போய், "கூவம் மொகம் எங்க சார்?" என்று கேட்டார். கோட்டையையோ கோயிலையோ முதலில் தேடவில்லை. முகத்துவாரம் கிடைத்ததும் அதிலிருந்து வடக்கே ஒவ்வொன்றாகச் சொல்லத் தொடங்கினார். கடைசியில் கரைக்கோட்டுக்கும் வீதிக்கும் நடுவே எதுவும் எழுதாமல் விட்ட பட்டையைக் காட்டி, "இங்கதானே வலை காயப்போடுவோம், மரம் ஏத்துவோம், கருவாடு காயும். இத்த ஏன் சும்மா வுட்டுட்டாங்க?" என்றார்.

அந்தக் கேள்விதான் இந்தச் சொற்பொழிவின் மையம். நில அளவையாளருக்கு வரி வரும் நிலம் வேண்டும், கட்டடம் வேண்டும், சாலை வேண்டும். மணலில் அவருக்கு ஒன்றும் இல்லை. கட்டுமரத்தைக் கரையேற்ற எவ்வளவு அகலம் வேண்டும், கரைவலை இழுக்க இரண்டு கயிற்றுக்கும் இடையே எவ்வளவு தூரம் வேண்டும், ஐப்பசி கார்த்திகையில் கடல் உள்ளே ஏறும்போது படகுகளை எவ்வளவு பின்னுக்குத் தள்ள வேண்டும் என்பதெல்லாம் அவர் கணக்கில் வராது. காகிதத்தில் காலியாக இருப்பதால் அது காலி நிலம் ஆகிவிடாது. ஆனால் பிற்கால ஆட்சியாளர்கள் அப்படித்தான் புரிந்துகொண்டார்கள். அதன் விளைவைப் பின்னர் சொல்கிறேன்.

இப்போது கரைக்கோட்டுக்கு வருகிறேன். கடற்கரை நிற்கிற இடத்தில் நிற்பதில்லை என்பது கரையில் பிறந்த குழந்தைக்கும் தெரியும். சென்னையில் அந்த நகர்வுக்குத் தெளிவான காரணமும் தேதியும் உண்டு. வங்கக் கடலின் இந்தக் கரையில் தென்மேற்குப் பருவக்காற்றுக் காலத்தில் அலைகள் மணலை வடக்கே தள்ளும். வடகிழக்குப் பருவத்தில் சிறிது காலம் தெற்கே தள்ளும். ஆண்டுக் கணக்கைக் கூட்டிப் பார்த்தால் மணல் வடக்கேதான் அதிகம் போகிறது. இந்த நடமாட்டத்தின் குறுக்கே துறைமுகச் சுவர்கள் எழுந்தன. 1875 டிசம்பரில் வேல்ஸ் இளவரசர் அடிக்கல் நாட்டினார். வில்லியம் பார்க்ஸ் வடிவமைத்த அந்தத் துறைமுகத்தை 1881 நவம்பர்ப் புயல் உடைத்துப் போட்டது. மீண்டும் கட்டினார்கள். கிழக்கு வாய் மணலால் தூர்ந்துகொண்டே வந்ததால், 20-ஆம் நூற்றாண்டின் தொடக்கத்தில் பிரான்சிஸ் ஸ்பிரிங் அதை மூடி வடகிழக்கில் வாயைத் திறந்தார். வடக்கே போக வேண்டிய மணல் தெற்கே தேங்கியது. அந்தத் தேக்கம்தான் இன்று நாம் காற்று வாங்கும் மெரினாவின் அகலம். 1884-இல் ஆளுநர் கிராண்ட் டஃப் அங்கே உலாச்சாலை அமைத்தபோது கரை இவ்வளவு அகலம் இல்லை. 1842-இல் கட்டிய ஐஸ் ஹவுஸ் கடலை ஒட்டி நின்றது. பாஸ்டனிலிருந்து கப்பலில் வந்த பனிக்கட்டியைக் கரையில் இறக்கி அப்படியே உள்ளே கொண்டுபோக வசதியாகக் கட்டிய கட்டடம் அது. இன்று அதன் வாசலில் நின்றால் சாலையும் அதற்கப்பால் பெரிய மணல்வெளியும் கடந்துதான் அலை. பாரிமுனைக்குக் கிழக்கே இன்று ராஜாஜி சாலை ஓடும் இடமும் ஒரு காலத்தில் கடற்கரைதான்.

தெற்கே சேர்ந்த மணல் வடக்கே கிடைக்காமல் போனது. ராயபுரம், காசிமேடு, திருவொற்றியூர் கரைகளைக் கடல் தின்றது. தெருக்கள் போயின, படகு ஏற்றும் மணல் போயிற்று. இன்று அந்தக் கரை நெடுகக் கருங்கல் கொட்டிக் கிடக்கிறது. 'கடல் அரிப்பு' என்று இதை இயற்கைச் சீற்றங்களின் பட்டியலில் சேர்த்து எழுதுவதை நான் ஏற்கமாட்டேன். 1822-இன் கரையையும் துறைமுகத்துக்குப் பிந்தைய கரையையும் ஒரே தாளில் வைத்துப் பாருங்கள். தெற்கே கோடு வெளியே போகிறது, வடக்கே உள்ளே வருகிறது, நடுவே துறைமுகம் நிற்கிறது. நகரத்தின் ஒரு பக்கத்துக்குக் கிடைத்த அழகுக்கு இன்னொரு பக்கத்து மக்கள் வீட்டையும் தொழிலிடத்தையும் விலையாகக் கொடுத்திருக்கிறார்கள். இதைச் சொல்ல வரைபடத்தைவிட வலுவான சாட்சி கிடையாது.

ஆனால் சாட்சியை முறையாக விசாரிக்க வேண்டும். ஆய்வு மாணவர்கள் இங்கே இருப்பதால் கொஞ்சம் விரிவாகச் சொல்கிறேன். பழைய படத்தை இன்றைய செயற்கைக்கோள் படத்தின் மேல் பொருத்த, இரண்டிலும் அசையாமல் இருக்கும் புள்ளிகள் வேண்டும். சென்னையில் அதற்குக் குறைவில்லை. கோட்டைக்குள் 1680-இல் திறந்த புனித மேரி தேவாலயம் இருக்கிறது. உயர் நீதிமன்ற வளாகத்தில் 1844-இல் எழுப்பிய பழைய கலங்கரை விளக்கத் தூண் நிற்கிறது. கறுப்பர் நகரை இடித்து உண்டாக்கிய வெளிக்கு எல்லை காட்ட 1773-இல் நட்ட ஆறு தூண்களில் ஒன்று பாரிமுனையில் இன்னும் உண்டு. 1768-இன் சேப்பாக்கம் மாளிகை இருக்கிறது. இவற்றில் படம் வரைந்த ஆண்டுக்கு முன்பே இருந்தவற்றை மட்டும் பிடித்துக்கொண்டு, கியூஜிஐஎஸ் போன்ற இலவச மென்பொருளில் பொருத்தினால், படம் எவ்வளவு நம்பத்தக்கது என்பது உடனே தெரியும். நிலத்துப் புள்ளிகளே முப்பது நாற்பது மீட்டர் தள்ளிப் போகிற படத்தை வைத்துக்கொண்டு, கரை இருபது மீட்டர் நகர்ந்தது என்று யாரும் எழுதக் கூடாது. புள்ளிகள் எல்லாம் நிலத்துப் பக்கமே இருப்பதால் கடலை நெருங்க நெருங்கப் பிழை கூடும் என்பதும் நினைவில் இருக்க வேண்டும்.

இன்னொன்று, பருவம். மணற்கரை ஆடியில் ஒரு வடிவில் இருக்கும், மார்கழியில் வேறு வடிவில் இருக்கும். படத்தில் ஆண்டு இருக்கும், பெரும்பாலும் மாதம் இருக்காது. கோடு ஏற்றத்தில் நீர் தொட்ட இடமா, வற்றத்தில் நின்ற இடமா என்பதும் எழுதியிருக்காது. முகத்துவாரங்களில் இது இன்னும் சிக்கல். கூவமும் அடையாறும் கோடையில் மணல் மேடிட்டு அடைபடும், மழையில் வெட்டிக்கொண்டு திறக்கும். ஒரு படத்தில் திறந்தும் மறு படத்தில் மூடியும் இருந்தால் ஆறு செத்துவிட்டது என்று முடிவு கட்டக் கூடாது. இப்படிப்பட்ட இடங்களில் கரையோரப் பெரியவர்களைக் கேட்காமல் நாம் எதையும் எழுத முடியாது. எந்த மாதத்தில் எந்தப் பக்கம் மணல் ஏறும், வன்னி எப்போது இழுக்கும், தெண்டி எப்போது இழுக்கும் என்று நீரோட்டங்களைப் பெயர் சொல்லிப் பிரித்து அறிந்தவர்கள் அவர்கள்.

அவர்களிடமும் ஒரு வரைபடம் உண்டு. தாளில் இல்லாத வரைபடம். கடலுக்குள் பார் எனப்படும் பாறைத்திட்டு எங்கே இருக்கிறது, வலை கிழியும் இடம் எது என்பதைக் கரையைத் திரும்பிப் பார்த்துத்தான் கண்டுபிடிக்கிறார்கள். ஒரு கோபுரத்தையும் அதற்குப் பின்னால் தெரியும் பரங்கிமலை போன்ற ஒரு மேட்டையும் நேராகக் கொண்டுவந்தால் ஒரு கோடு. பக்கவாட்டில் இன்னும் இரண்டு அடையாளங்களை நேராக்கினால் மறு கோடு. இரண்டும் வெட்டும் இடத்தில் பார். அப்பன் பிள்ளைக்குச் சொல்லிக் கொடுக்கும் இந்த வித்தையும், அளவையாளர் தியோடலைட்டைக் கொண்டு செய்ததும் அடிப்படையில் ஒரே கணிதம். மைக்கேல் டாப்பிங் 1780-களில் சென்னையிலிருந்து தெற்கே கடலோரமாக முக்கோண அளவை செய்துகொண்டு போனார். 1794-இல் அவர் தொடங்கிய அளவைப் பள்ளிதான் இன்றைய கிண்டி பொறியியல் கல்லூரியின் வேர். 1802 ஏப்ரலில் வில்லியம் லாம்டன் பரங்கிமலை அடிவாரத்தில் ஏழரை மைல் அடிக்கோட்டை அளக்கத் தொடங்கினார். இந்தியாவின் மாபெரும் முக்கோண அளவைக்கு அதுவே முதல் கோடு. அதே பரங்கிமலையை அடையாளமாகப் பிடித்துக் கடலில் இடம் பார்த்த மீனவரின் அறிவு எந்த அளவைப் பதிவேட்டிலும் இல்லை.

கடலோடிகளுக்கான ஐரோப்பியக் கடல்வரைபடங்களும் இதே முறையில்தான் கரையைப் பார்த்தன. அவற்றில் ஊரின் உள்ளே ஒன்றும் இருக்காது. கோபுரங்கள் மட்டும் நிமிர்ந்து நிற்கும். மாமல்லபுரமும் சிதம்பரமும் அப்படித்தான் மாலுமிகளுக்கு அறிமுகம். இதில் என்னை மிகவும் வருத்துவது நாகப்பட்டினம். அங்கே 'சீனக் கோபுரம்' என்று மாலுமிகளும், புதுவெளிக் கோபுரம் என்று ஊராரும் சொன்ன ஒரு செங்கல் கோபுரம் இருந்தது. ராஜராஜ சோழன் காலத்தில் ஸ்ரீவிஜய மன்னர் எழுப்பிய சூடாமணி விகாரத்தோடு அதைத் தொடர்புபடுத்துவார்கள். கடலிலிருந்து பார்த்தால் நாகையைக் காட்டிக் கொடுக்கும் அடையாளம் அதுதான். வால்டர் எலியட் 1846-இல் அதைப் பார்த்துப் பதிந்து வைத்தார். 1867-இல் அரசின் அனுமதியோடு இடித்துவிட்டார்கள். ஒரு கடல்வரைபடத்தில் அந்தக் கோபுரக் குறியைப் பார்க்கும்போதெல்லாம், தலைமுறை தலைமுறையாக அதை வைத்து இடம் பிடித்துவந்த நாகை மீனவர்கள் அதன்பின் எதைப் பிடித்தார்கள் என்ற கேள்வி எனக்கு வரும். வரலாற்றாசிரியர்கள் இடிந்த விகாரத்தைப் பற்றி நிறைய எழுதியிருக்கிறோம். இந்தக் கேள்வியை நாம் கேட்கவே இல்லை.

தரங்கம்பாடியைப் பற்றி ஒரு சொல். 1620-இல் டேனியர் இறங்கி டான்ஸ்போர்க் கோட்டை கட்டிய ஊர் அது. 1845-இல் ஆங்கிலேயருக்கு விற்றார்கள். 1733-இல் ட்ரெல்லுண்ட் வரைந்த நகரப் படத்தைக் கையில் வைத்துக்கொண்டு இன்றும் ராஜா வீதியில் வழி தவறாமல் நடக்கலாம். கடலைப் பார்த்த பக்கம் மட்டும் படம் பொருந்தாது. அங்கே மதில் இல்லை, குலசேகர பாண்டியன் காலத்து மாசிலாமணி நாதர் கோயிலின் முன்பகுதியைக் கடல் கொண்டுவிட்டது. ஊரின் மற்ற எல்லாம் அசையாமல் இருப்பதால் கடல் எடுத்தது எவ்வளவு என்பதை இங்கே தெளிவாக அளக்கலாம். கரை ஆய்வு பழக விரும்பும் மாணவருக்கு இதைவிட நல்ல பயிற்சிக் களம் இல்லை.

இனி, முன்னே நிறுத்திவைத்த விஷயத்துக்கு வருகிறேன். கரைக்கோடு எங்கே என்பது இன்று வீட்டு வாசல் கேள்வி. 1991-இல் வந்த கடற்கரை ஒழுங்குமுறை மண்டல அறிவிக்கை, உயர் அலைக் கோட்டிலிருந்து 500 மீட்டர், 200 மீட்டர் என்று கணக்குப் போட்டது. 2011-லும் 2019-லும் அது மாறி வந்தது. 2004 டிசம்பர் 26 ஆழிப்பேரலைக்குப் பிறகு, தமிழ்நாட்டில் யாருக்கு எங்கே வீடு என்பதையும் இந்த 200 மீட்டர்தான் தீர்மானித்தது. கோடு பத்து மீட்டர் இந்தப் பக்கம் விழுந்தால் ஒரு குடும்பம் கரையில் இருக்கும், அந்தப் பக்கம் விழுந்தால் ஊருக்குள் போகும். மாநில அரசு தயாரிக்கும் கரையோர மண்டல மேலாண்மை வரைபடங்களில் மீனவ ஊர்களையும் அவர்களுடைய பொது இடங்களையும் காட்ட வேண்டும் என்பது கரையோர மக்களின் நெடுநாள் கோரிக்கை. வலை உலர்த்தும் மணல், படகு நிறுத்தும் இடம், கருவாட்டுக் களம், மீன் ஏலம் போடும் இடம் ஆகியவை அந்த வரைபடத்தில் இல்லாவிட்டால், நாளை அந்த இடத்தில் சாலை போடுகிறவருக்கு அது மறுபடியும் வெள்ளைப் பட்டைதான்.

மெரினாவில் இது நடந்திருக்கிறது. 1985-இல் கடற்கரையை அழகுபடுத்த வலைகளையும் கட்டுமரங்களையும் அகற்றப் போனபோது போலீஸ் துப்பாக்கிச் சூட்டில் மீனவர்கள் உயிர் இழந்தார்கள். 2023 ஏப்ரலில் நொச்சிக்குப்பத்தையொட்டிய லூப் சாலையில் மீன் விற்ற பெண்களின் கடைகளைப் போக்குவரத்துக்கு இடைஞ்சல் என்று அகற்றினார்கள். ஊரே சாலையில் உட்கார்ந்தது. பின்னர் அங்கே மீன் அங்காடி கட்டிக் கொடுத்தார்கள். அந்த விவாதத்தில் பலர், மீன் கடைகள் சாலையை ஆக்கிரமித்ததாகப் பேசினார்கள். சாலை எப்போது வந்தது, அந்த மணலில் யார் எப்போதிலிருந்து மீன் இறக்கினார்கள் என்று கேட்டவர்கள் குறைவு. இந்த நகரின் வரைபடங்களைக் கற்றவர்கள் அங்கே பேசியிருக்க வேண்டும். பேச வேண்டிய இடத்தில் நாங்கள் பேசவில்லை என்ற குறை எங்கள் துறை முழுவதற்கும் உண்டு.

ஆகவே இந்த அறக்கட்டளையின் பெயரால் ஒரு வேலையைத் தொடங்கலாம் என்று முன்மொழிகிறேன். எழும்பூர் ஆவணக் காப்பகத்தில் உள்ள நகர, கடலோர வரைபடங்களையும், லண்டன் பிரிட்டிஷ் நூலகத்தில் இருப்பவற்றின் நகல்களையும் ஓரிடத்தில் சேர்க்க வேண்டும். ஒவ்வொன்றையும் பொருத்திப் பார்த்துப் பிழை அளவை வெளிப்படையாக எழுத வேண்டும். பிறகு அவற்றைப் பெரிய துணியில் அச்சிட்டுக் குப்பம் குப்பமாகக் கொண்டுபோக வேண்டும். ஊர்ப் பஞ்சாயத்தார், கடலுக்குப் போகிறவர்கள், மீன் விற்கும் அம்மாக்கள், கரைவலை இழுத்த பாட்டனார் எல்லாரும் உட்கார்ந்து, வெள்ளையாக விட்ட இடங்களில் இருந்தவற்றைப் பெயர் சொல்ல வேண்டும். எல்லையம்மன் கோயில் எத்தனை முறை, எந்தெந்த ஆண்டில் உள்ளே நகர்ந்தது, எந்தத் தெரு கடலுக்குள் இருக்கிறது, எந்தப் பாரின் அடையாளக் கட்டடம் இடிந்துபோனது என்று அவர்கள் சொல்வதை அவர்கள் சொல்லிலேயே பதிய வேண்டும். பெண்களைத் தனியாகவும் கேட்க வேண்டும். கரையில் மீன் ஏறிய பிறகு நடக்கும் அத்தனையும் அவர்கள் நினைவில்தான் இருக்கிறது, ஊர்க் கூட்டத்தில் அவர்கள் பேச வாய்ப்பு குறைவு. முடித்த படத்தின் ஒரு பிரதி பல்கலைக்கழகத்துக்கு வரட்டும். முதல் பிரதி ஊரிடம் இருக்க வேண்டும், பஞ்சாயத்து முத்திரையோடு, அரசு அதிகாரியிடம் காட்டக்கூடிய ஆவணமாக.

வடக்கே அரிப்பு அதிகமான கரையிலிருந்து தொடங்குவது நல்லது. அங்கே வயதானவர்கள் நினைவில் இருக்கும் தெருக்கள் பல இன்று தண்ணீருக்கடியில் இருக்கின்றன. அந்த நினைவைக் கேட்டுப் பதிய நமக்கிருக்கும் காலம் குறைவு. வரும் தை மாதம், கடல் அடங்கியிருக்கும் நாட்களில், காசிமேட்டிலிருந்து திருவொற்றியூர் வரை முதல் சுற்றை முடிக்கலாம். மாணவர்களில் யார் யார் வரத் தயார் என்று கூட்டம் முடிந்ததும் என்னிடம் பெயர் கொடுங்கள்.